குங்குமம் மடித்த தாள்கள்

தை பிறந்ததிலிருந்து மான்மவுத் ஜங்ஷனில் பனி விட்டபாடில்லை. டிரைவ்வேயின் இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளிய பனி அழுக்கேறிக் கல்லாக இறுகிக் கிடந்தது. உப்பைக் கொட்டிக் கொட்டி ரோடெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. சாந்தாமணி விடிந்ததும் முதலில் கணவர் மணியனின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் விலகாமல் இருக்கிறதா என்று பார்ப்பாள். அடுத்ததாகச் சமையலறைக்குப் போய், கோபிச்செட்டிபாளையத்து ஜவுளிக்கடைக்காரர் கொடுத்தனுப்பிய தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பாள். அதற்கப்புறம்தான் காபி.

தாள் கிழிப்பது முன்பெல்லாம் மணியனின் வேலை. கண் மங்கிப்போன பிறகுதான் அது அவள் கைக்கு வந்தது.

எடிசனிலிருந்து பிரின்ஸ்டன் வரைக்கும் உள்ள தமிழர்களுக்கு அவர் படக்கார மணியன். மருந்துக் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கிண்டியில் படித்த நாளில், படம் வரைந்துகொண்டு சென்னையில் திரிந்த பையன்களை ஒருவரும் சீண்டாத காலத்தில், மெஸ்ஸுக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கொடுத்து அவர்களிடம் படம் வாங்கினார். அமெரிக்கா வரும்போது மற்றவர்கள் ஊறுகாயும் குக்கரும் கொண்டுவந்தார்கள். இவர் பவானி ஜமக்காளத்துக்குள் படங்களைச் சுருட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஊருக்குப் போகும்போதெல்லாம் இன்னும் நாலைந்து சேர்ந்தன. வீட்டுச் சுவர் பூராவும் எருமைகளும், முகமில்லாத பெண்களும், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாத கோடுகளுமாக ஆகிவிட்டது. விருந்துக்கு வருகிறவர்கள், "பையன் போட்டதுங்களா? பரவால்ல, நல்லா வந்திருக்கு" என்பார்கள். மணியன் மறுத்துப் பேசமாட்டார், சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பார்.

படத்துக்கு அடுத்தபடி அவருக்கு உயிர், வீட்டுக்குப் பின்னாலிருக்கிற ஈரக்காடு. காலையிலும் சாயங்காலமும் அங்கே போய் நிற்பார். மரங்கொத்தி, தவளை, அந்துப்பூச்சி, எதைப் பார்த்தாலும் அன்றைய தேதித்தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதுவார். எழுத்தில் படமும் பூச்சியும் கலந்தே வரும். 'கிழக்கு மேப்பிளில் தலை சிவந்த மரங்கொத்தி. சபரிமுத்துவின் எருமைப் படத்தில் கொம்புக்கடியில் இருக்கும் சிவப்பு இதைவிட ஒரு பிடி கருமை. அந்தப் படத்தை அவன் ராயபுரத்து மாடியில் மழைக்கு ஒதுங்கிய மூன்று நாளில் முடித்தான்.' இந்த மாதிரி. எழுதிய தாளை, அவருடைய அப்பா மளிகைக்கடையில் பில் குத்தி வைப்பாரே, அதே மாதிரி ஒரு வளைந்த கம்பியில் குத்துவார். வருஷத்துக்கு ஒரு கம்பி. எல்லாம் பேஸ்மெண்ட் உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும்.

அவருக்கு ஒரே ஒரு விதி. அழகு என்ற சொல்லை எழுதமாட்டார். "அழகுன்னு எழுதறவன் சரியாப் பாக்காதவன் அம்மிணி. பாத்திருந்தான்னா என்ன நெறம், எத்தனை புள்ளின்னு எழுதியிருப்பான்" என்பார்.

இப்போது இருதயம் விரிந்துபோய், ஹாலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். வைத்தியம் போதும், வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகி, ஹாஸ்பிஸ் நர்ஸ் நாள் விட்டு நாள் வந்து போனாள். நாட்கணக்குதான் என்று சமையலறையில் வைத்து மெல்லச் சொல்லியிருந்தாள்.

மாளவிகா வந்தது அந்த வாரம்தான். படங்களை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்த பல்கலைக்கழக மியூசியத்தில் வேலை பார்க்கிற பெண். இங்கேயே பிறந்தவள், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள். மகன் மதன் எப்போதோ ஸ்கேன் பண்ணி வைத்திருந்த ஹார்ட் டிரைவை லேப்டாப்பில் சொருகிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் மாறியது.

"ஆன்ட்டி, படங்கள்ல பாதிக்கு மேல கையெழுத்தே இல்ல. யார் பண்ணாங்க, எப்போ பண்ணாங்கன்னு அங்கிள் எழுதினதுலதான் இருக்குன்னு மதன் சொன்னார். அதனாலதான் மியூசியம் ரெண்டையும் சேர்த்துக் கேக்குது. பட்..."

"என்ன கண்ணு?"

"நான் படிக்கறேன், தப்பா இருந்தா சொல்லுங்க. மே...ஷம், ஆதாயம். ரிஷ...பம், அலைச்சல். மிது...னம், பயம்."

சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ராசிபலன் கண்ணு. முன்பக்கம். அடுத்ததைப் பாரு."

"அடுத்ததும் அதேதான் ஆன்ட்டி. எமகண்டம், குளிகை, சூலம் மேற்கு. எல்லாமே ஃப்ரண்ட் சைட். பின்பக்கம் ஒண்ணுகூட ஸ்கேன் ஆகல."

ஜெர்சி சிட்டியில் பேங்க் வேலையில் இருந்த மதனை ஸ்பீக்கரில் கூப்பிட்டார்கள். விஷயத்தைச் சொன்னார்கள்.

"கட்டுக் கட்டா ஸ்கேனர் ஃபீடர்ல போட்டேன்மா. ஸ்க்ரீன்ல தமிழ் எழுத்து தெரிஞ்சுது. எனக்கென்ன படிக்கவா தெரியும்? சரியாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன். சாரிம்மா. பட் ஒரிஜினல் இருக்குல்ல? இந்த வீக்கெண்ட் வந்து மறுபடி ஸ்கேன் பண்ணித் தர்றேன்."

சாந்தாமணி போன் பக்கம் குனிந்தாள். "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னு சொன்னியே மதன்."

"ஆமாம்மா, அதுக்கென்ன?"

"அதனால நா எல்லாத்தையும் குடுத்துப்போட்டேன்."

வெள்ளிக்கிழமை தோறும் அவள் வீட்டில் விளக்குப் பூஜை. சுற்றுவட்டாரத்துப் பெண்கள் வருவார்கள். போகும்போது வாழைப்பழமும், ஒரு பொட்டலம் குங்குமமும் கொடுத்தனுப்புவாள். குங்குமத்தைத் தேதித்தாளில் மடிப்பதுதானே வழக்கம். அளவும் கச்சிதம், தாளும் வழவழப்பு. பேஸ்மெண்டில் கம்பி கம்பியாகத் தாள். அவர் எழுதியதெல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. அப்புறம் என்ன? பழைய கம்பியிலிருந்து ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு கொத்தாக, வருஷக்கணக்கில் மடித்து மடித்துக் கொடுத்தாள். முழங்கால் வலியில் மணியன் கீழே இறங்குவதை விட்டு வெகுநாளாகியிருந்தது. கடைசி மூன்று கம்பிகள் மட்டும் மிச்சம். அதில் இருப்பதெல்லாம் கண் மங்கின பிறகு எழுதிய கோணல் கிறுக்கல்.

மாளவிகா லேப்டாப்பை மூடினாள். "அங்கிளுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியக்கூடாது கண்ணு" என்றாள் சாந்தாமணி.

அன்று சாயங்காலம் ராகிக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தபோது அவரே ஆரம்பித்தார்.

"மியூசியத்துக்காரி வந்துட்டுப் போனாளா?"

"வந்துட்டுப் போனாளுங்."

"தாளெல்லாம் போறதுக்கு முன்னால சிலதை ஒருக்காக் கேட்டுப்போடணும் அம்மிணி. நீதான் படிக்கோணும். மொதல்ல அந்தப் பச்சைப் பூச்சி. வான்மதி பொறந்த வருசம், சபரிமுத்தோட பச்சைச் சேலைக்காரி படத்து மேல வந்து ஒக்காந்துச்சே, அது."

பேத்தி வான்மதி இப்போது காலேஜுக்கு அப்ளை பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

"நெனப்பிருக்குதுங்."

"அன்னிக்கு நீ ஒண்ணு சொன்னே. அதை அப்படியே எழுதி வெச்சேன். என்ன சொன்னே?"

சாந்தாமணி யோசித்தாள். அன்று கொள்ளுப் பருப்பு கடைந்தது ஞாபகம் வந்தது. மருமகளுக்குப் பத்தியச் சமையல் செய்து, அப்போது அவர்கள் குடியிருந்த பிஸ்கட்டவேக்குக் கொடுத்தனுப்பியது ஞாபகம் வந்தது. பூச்சி வந்ததும் ஞாபகம் வந்தது. என்ன சொன்னோம் என்பது மட்டும் வரவில்லை.

"தெரியலீங்களே."

"எனக்கும் நெஞ்சுக்குள்ளயே நிக்குது, மேல வரமாட்டேங்குது. அதைக் கேட்டுட்டேன்னா போதும். எடுத்துட்டு வந்து படி."

அவள் கீழே போனாள். வெறும் கம்பிகள் வரிசையாகத் தொங்கின. அவற்றின் கீழே நின்று கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மிச்சமிருந்த கம்பியிலிருந்து ஏதோ ஒரு தாளை உருவிக்கொண்டு மேலே வந்து, அதைப் பார்த்துப் படிக்கிற மாதிரி குரலைச் சரிப்படுத்திக்கொண்டாள்.

"சாயங்காலம் பச்சை அந்துப்பூச்சி ஒன்று வீட்டுக்குள் வந்தது. படத்தின் மேல் உட்கார்ந்தது. மிகவும் அழகாக இருந்தது. நானும் சாந்தாவும்..."

"அது நா எழுதுனதில்ல அம்மிணி."

"இல்லீங், இதுல..."

"அழகுன்னு நா எழுதமாட்டேன்." கண்ணை மூடியபடியே சொன்னார். கோபம் இல்லை. "அந்தத் தாளு கெடைக்கலையா?"

"இருக்குதுங். தேடோணும்."

"தேடு. அவசரமில்லே."

அவசரம் இருந்தது. அது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் மருமகள் பிரீத்தி லீவு போட்டுவிட்டு வந்தாள். சென்னைப் பெண், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவள். "அத்தை, டென்ஷனே வேணாம். லேடீஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். 'சாந்தாமணி ஆன்ட்டி கொடுத்த குங்குமப் பாக்கெட் யார்கிட்ட இருந்தாலும் ஓப்பன் பண்ணாதீங்க, நாங்க வந்து கலெக்ட் பண்ணிக்கறோம்'னு. எவ்ளோ ரிப்ளை பாருங்க."

சாந்தாமணி பனிக்குப் போடும் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"குடுத்த குங்குமத்தை எப்பிடிக் கண்ணு திருப்பி வாங்கறது?"

பிரீத்திக்குப் புரியவில்லை. சாந்தாமணியால் விளக்கிச் சொல்லவும் முடியவில்லை. ஒவ்வொரு பொட்டலத்தையும் மடிக்கும்போது அவள் மனசுக்குள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அவருடைய ஆயுசு. அதற்காக ஊருக்கெல்லாம் கொடுத்ததை, அவர் இப்படிக் கிடக்கிற நேரத்தில், வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடு என்று கேட்பதா? வாங்கிக்கொண்டால் என்ன அர்த்தம்? ஆனால் அந்தத் தாள் வேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன்.

"ஒண்ணு பண்ணலாம் அத்தை. புதுக் குங்குமம் குடுத்துட்டு பழசை வாங்கிப்போம். எக்ஸ்சேஞ்ச். அப்போ திருப்பி வாங்கின மாதிரி ஆகாதுல்ல?"

சாந்தாமணி மருமகளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அலுமினியம் ஃபாயிலைக் கிழித்துப் புதுக் குங்குமத்தை மடிக்க உட்கார்ந்துவிட்டாள். ரஞ்சித்குமார் என்று மதனின் சிநேகிதன் ஒருவன் பக்கத்துத் தெருவில் இருந்தான். அவன் வந்து பனியை வாரி காரை வெளியே எடுத்துக் கொடுத்தான். அவனையே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

வாட்ஸ்அப் செய்தி செய்த காரியம் முதல் வீட்டிலேயே தெரிந்தது. நாலு தெரு தள்ளியிருந்த ராஜலக்ஷ்மி கதவைத் திறந்ததும், "ரொம்ப தேங்க்ஸ் பிரீத்தி, டைம்ல சொன்னே" என்றாள். "குங்குமத்துல லெட், அதான் ஈயம், இருக்குன்னு நியூஸ்லகூட வந்துதே. எல்லா பாக்கெட்டையும் டபுள் பேக் பண்ணி டிராஷ்ல போட்டுட்டேன். பூஜா ஷெல்ஃபையும் க்ளோராக்ஸ் போட்டுத் தொடைச்சாச்சு."

"ஐயோ ஆன்ட்டி, ரீகால் இல்ல!"

"பின்ன?"

குப்பை லாரி காலையிலேயே வந்து போயிருந்தது. குரூப்பில் யாரோ 'ரீகாலா?', கெட்ட சரக்கென்று கம்பெனி திருப்பி வாங்குகிறதா, என்று கேட்க, யாரோ 'லெட்டாம்' என்று பதில் போட, மத்தியானத்துக்குள் நாலைந்து வீடுகளில் இதே கதை நடந்துவிட்டது. பிரீத்தி காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் குத்தினாள். சாந்தாமணி அடுத்த வீட்டுக்கான ஃபாயில் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நல்லது செய்யப் போன பிள்ளையை என்ன சொல்வது? இதற்கு முன்னால் நல்லது செய்யப் போனவள் அவள்தானே.

நியூபோர்ட்டில், ஆற்றைப் பார்த்த ஒரு உயரமான கட்டடத்தில் எழிலரசி இருந்தாள். சின்னப் பெண், எல்லாப் பொட்டலங்களையும் ஹேண்ட்பேக்கின் அடியில் போட்டு மறந்திருந்தாள். லிப்ஸ்டிக்குக்கும் ரயில் கார்டுக்கும் நடுவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். "ஆபீஸ்ல டெர்மினேஷன் லிஸ்ட் வந்தப்பகூட இது பேக்ல இருந்துச்சு ஆன்ட்டி. எனக்கு ஒண்ணும் ஆகல. குடுக்கவே மனசில்ல" என்று சொல்லி, ஃபாயில் பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்னொரு வீட்டில் காரின் டாஷ்போர்டில் இருந்தது. இன்னொரு வீட்டில் தாளைப் பிரித்துக் குங்குமத்தைச் சிமிழில் கொட்டிவிட்டு, தாளைக் குழந்தையின் கிராஃப்ட் வேலைக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் பாதி ஒரு வாத்தாக வெட்டப்பட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது. சாந்தாமணி அந்த வாத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பச்சைப் பூச்சித் தாள் எதிலும் இல்லை.

"அடுத்து பிஸ்கட்டவே, புஷ்பவல்லி ஆன்ட்டி வீடு. லாஸ்ட்" என்றாள் பிரீத்தி.

சாந்தாமணிக்குத் தெரியும், இருந்தால் அங்கேதான் இருக்கும். புஷ்பவல்லியின் கணவர் யுனிவர்சிட்டியில் புரொஃபசராக இருந்து, காலையில் நடக்கப் போன இடத்தில் விழுந்து இறந்தவர். அதற்குப் பிறகு அவள் வந்த முதல் வெள்ளிக்கிழமை, குங்குமத் தட்டைக் கையில் வைத்திருந்த பெண் அவள் முன்னால் வந்ததும் தயங்கி நின்றாள். சாந்தாமணிதான் எழுந்து வந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். அன்றிலிருந்து ஒரு வெள்ளி தவறியதில்லை. புஷ்பவல்லி அதை இட்டுக்கொள்ளவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரு பெரிய எவர்சில்வர் சம்படத்தில் போட்டு சாமி அலமாரியில் வைத்திருந்தாள்.

வந்தவர்களுக்குச் சுக்குக் காபி கொடுத்துவிட்டு, சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள் புஷ்பவல்லி. கேட்டுவிட்டு, "தரமாட்டேன்க்கா" என்றாள்.

"புஷ்பா..."

"நீங்க கேட்டு நான் எதையாவது இல்லேன்னு சொல்லியிருக்கேனா? இந்த வீட்டையே கேளுங்க, எழுதித் தர்றேன். இதை மட்டும் கேக்காதீங்க. அண்ணன் படுக்கையில கெடக்காங்க. நான் எப்படிப்பட்டவ? என் கையால உங்க குங்குமத்தைத் திருப்பி உங்ககிட்டயே குடுக்கவா? என் கை வெளங்குமா?"

"ஆன்ட்டி, நானே அலமாரிலேருந்து எடுத்துக்கறேன். நீங்க தொடவே வேணாம்" என்றாள் பிரீத்தி.

"என் வீட்டுப் படி தாண்டித்தானம்மா வெளிய போகணும்? வேண்டாம் தாயி. அண்ணன் எந்திரிச்சு உக்காரட்டும். நானே சுமந்துட்டு வர்றேன்."

சாந்தாமணி சாமி அலமாரியைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சம்படம் தெரிந்தது. கை நீட்டினால் எட்டும். இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருந்தால் புஷ்பவல்லி அழுதுகொண்டே கொடுத்திருப்பாள். ஆனால் கேட்கவில்லை. மற்ற வீடுகளில் இல்லாத ஒரு பயம் இந்த வீட்டில் அவளுக்கு வந்தது. வேண்டாம் என்று புஷ்பவல்லியே சொன்னதில், வெளியில் காட்டிக்கொள்ள முடியாத ஒரு நிம்மதி.

காரில் பிரீத்தி பொரிந்து தள்ளினாள். "மாமா கேக்கறாங்க, அந்த பாக்ஸ்லதான் இருக்கு, ஆனா சென்டிமெண்ட்! உங்களுக்குக் கோவமே வரலையா அத்தை?"

"அவ மேல என்ன கோவம் கண்ணு? நானும்தான் பயந்துட்டேன்" என்றாள் சாந்தாமணி. வெளியே மறுபடியும் பனி விழ ஆரம்பித்திருந்தது.

வீட்டுக்கு வந்து, பொட்டலங்களைச் சமையல் மேடையில் பிரித்தாள். குங்குமத்தை ஒரு கிண்ணத்தில் தட்டித் தட்டிச் சேர்த்தாள். தாளெல்லாம் சிவந்திருந்தது, ஆனாலும் பென்சில் எழுத்து அழியவில்லை. ஹாலுக்கு எடுத்து வந்து கட்டில் பக்கம் உட்கார்ந்து படித்தாள். மரங்கொத்தி வந்தது. தேங்கிய தண்ணீரில் கத்திய தவளை வந்தது. எருமைப் படத்துக்குச் சபரிமுத்து பழைய கதவுப் பலகையைச் சட்டமாக அடித்த கதை வந்தது. மணியனின் உதடு கூடவே அசைந்தது. ஒரு இடத்தில், "கமா போட்டுப் படி" என்று திருத்தக்கூடச் செய்தார். நாலு நாளாக முகத்தில் இல்லாத ஒரு தெளிவு வந்திருந்தது.

"குங்கும வாசம் வருது" என்றார் திடீரென்று.

சாந்தாமணி தாளை மடியில் வைத்தாள். இதற்குமேல் மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. சொல்லிவிட்டாள். மதன் முன்பக்கத்தை ஸ்கேன் பண்ணியது, கம்ப்யூட்டரில் இருக்கிறதென்று நம்பி அவள் மடித்துக் கொடுத்தது, இன்றைக்கு வீடு வீடாகப் போய் நின்றது, ராஜலக்ஷ்மி குப்பையில் போட்டது, எல்லாம்.

ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். அந்தச் சுவரில்தான் பச்சைச் சேலைக்காரி இருந்தாள். அவருக்கு அது வெறும் பச்சை மங்கலாகத் தெரிந்திருக்கும். அதைப் பார்த்தபடியே, "ராசிபலனையாவது படிச்சிருப்பாங்க" என்றார். சிரிக்கப் பார்த்து இருமினார். நிமிர்த்தி உட்காரவைத்து நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள்.

"பச்சைப் பூச்சி?"

"அது புஷ்பா வீட்டுல இருக்கும்ங்க. சம்படத்துல. அவ ஒண்ணைக்கூடப் பிரிக்கல."

"அப்பப் பத்திரமாத்தான் இருக்குது." கண்ணை மூடினார். "நாளைக்கு வாங்கிட்டு வா."

"ஆகட்டுங்."

நாளைக்கு ரோடு இல்லை. விடியும்போதே ஜன்னலின் பாதி உயரத்துக்குப் பனி. கவர்னர் டிவியில் வந்து யாரும் வண்டி எடுக்க வேண்டாம் என்றார். மணியன் கண் திறக்கவில்லை. நர்ஸ் போனில் சொன்னபடி நாக்கடியில் மருந்துச் சொட்டு விட்டு, உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டே இருந்தாள் சாந்தாமணி. மதனும் பிரீத்தியும் வான்மதியும் பனி வாரும் லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்து சேர்ந்தபோது மத்தியானமாகிவிட்டது. வான்மதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, இட்ஸ் மீ" என்றாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மதன்தான் எழுந்து அதை அணைத்தான்.

தகனம், சாம்பல், கருமாதி எல்லாம் முடிந்தது. வந்த கூட்டம் வந்த வழியே போனது. சாந்தாமணிக்கு அழுகை வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சோறு போட்டாள், போனில் எல்லாருக்கும் பதில் சொன்னாள். "ஷி இஸ் ஹோல்டிங் அப் வெல்" என்று மதன் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. மியூசியத்து ஆட்கள் மறுநாள் வருவதாக இருந்தது. படங்களையெல்லாம் இறக்கி அட்டை வைத்துக் கட்டியாகிவிட்டது. பச்சைச் சேலைக்காரியை மட்டும் கடைசியாக இறக்கலாம் என்று விட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கம்பெனிக்காரன் எடுத்துப் போய்விட்டான். கார்ப்பெட்டில் அதன் கால் பதிந்த குழி அப்படியே இருந்தது.

புஷ்பவல்லி அன்று சாயங்காலம் வந்தாள். சம்படத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உறைந்த பனியில் அடிமேல் அடி வைத்து. உள்ளே வந்ததும் அதை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"இப்ப எடுத்துக்கோங்கக்கா. இனிமே ஒண்ணும் ஆகப்போறதில்ல."

சாந்தாமணி அவளைப் பார்த்தாள். மனசில் வந்ததைச் சொல்லியே விட்டாள். "அன்னிக்குக் குடுத்திருக்கலாம் புஷ்பா."

"குடுத்திருக்கலாம்க்கா."

"நானும் அழுத்திக் கேட்டிருக்கலாம்."

புஷ்பவல்லி சம்படத்தின் மூடியைத் திறந்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார்கள். புஷ்பவல்லி ஒவ்வொன்றாக மடிப்பு எடுத்துக் குங்குமத்தைக் கிண்ணத்தில் தட்டிக் கொடுக்க, சாந்தாமணி தாளைத் திருப்பி முதல் வரியைப் படித்து, வருஷ வாரியாக அடுக்கினாள். அவள் நினைத்ததைவிட ஏராளமாக இருந்தது. கிண்ணம் நிறைந்து இன்னொரு கிண்ணம் எடுத்தார்கள். மாளவிகா பார்த்தால் குதிப்பாள். விரல்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சிவந்துபோயின.

இருட்டத் தொடங்கின நேரத்தில் கிடைத்தது. சாந்தாமணி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். பச்சைச் சேலைக்காரி இருந்த சுவர்ப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவருக்குப் படிக்கிற மாதிரியே, கமாவில் நிறுத்தி, சத்தமாகப் படித்தாள்.

'சாயங்காலம் லூனா அந்துப்பூச்சி ஒன்று, கதவு வழியாக உள்ளே வந்து, சபரிமுத்துவின் பச்சைச் சேலைக்காரியின் தோளில் உட்கார்ந்தது. பெண் பூச்சி. சேலையின் பச்சையைவிட இதில் பால் சற்றுக் கூடுதல். இடது வால் நுனி கிழிந்திருக்கிறது. இதற்கு வாய் கிடையாது. எதுவும் தின்னாது, ஒரு வாரம் இருக்கும். சிறகில் அடிபடும் என்று சாந்தா மின்விசிறியை நிறுத்தினாள். இருவரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாயில்லாத பூச்சி என்று அவளிடம் சொன்னேன். அப்பறம் எதுக்குங்க வந்துச்சு, சும்மா நம்மளப் பாத்துட்டுப் போறதுக்கா, என்றாள். அவளைப் பார்த்தேன்.'

அதற்குக் கீழே, தனி வரியில், ஒரே ஒரு சொல் இருந்தது. சாந்தாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

'அழகு.'

பென்சிலை அழுத்தி எழுதியிருந்தார். தாளைத் திருப்பினால், முன்பக்கம், ராசிபலன் கட்டத்துக்கு மேலே அந்தச் சொல் புடைத்துத் தெரிந்தது. சிவந்த விரலால் அதைத் தடவிப் பார்த்தாள்.

"என்னக்கா?" என்றாள் புஷ்பவல்லி.

"அழகுன்னு எழுதவே மாட்டேன்னு சொன்னீங்களே" என்றாள் சாந்தாமணி, கட்டில் இருந்த இடத்தைப் பார்த்து. "எங்கிட்டப் போயிப் பொய் சொல்லிப்போட்டீங்களே."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.